பழைய ப்ராசசரா, ஃபிளாஷ் பட்டனா, கடைக்காரரா?

"சித்தப்பா, ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, படம் மட்டும் வரல."

திருமங்கலத்திலிருந்து அண்ணன் மகன் போனில். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற பையன். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து வேலை குவிந்து கிடந்த நேரம். 2018-ல் வாங்கிய பி450 மதர்போர்டில் ரைசன் 5 2600 ப்ராசசர் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோட்டோஷாப் திணறுகிறது என்று அதைக் கழற்றி, ரைசன் 5 5600 போட்டிருக்கிறான். இரண்டும் போர்டில் உட்காருவது ஒரே ஏஎம்4 சாக்கெட்டில், அதே 1331 பின் (ஊசிக்கால்). உட்கார்ந்துவிட்டதே, ஓடாமலா போகும் என்று நினைத்துவிட்டான்.

சாக்கெட் ஒத்துப்போனாலும் பயாஸுக்கும், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற, போர்டிலேயே இருக்கும் மென்பொருளுக்கும், அந்த ப்ராசசரைத் தெரிந்திருக்க வேண்டும். 5600 வந்தது 2022-ல். நாலு வருஷம் முந்தி எழுதிய பயாஸ் அதை எப்படி அடையாளம் காணும்? பி450-க்கு ரைசன் 5000 வரிசை கிடையாது என்றுதான் ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி கம்பெனி 2020 மே மாதம் முதலில் அறிவித்தது. வாங்கியவர்கள் சத்தம் போட்ட பிறகு, அதே மாதத்திலேயே இறங்கிவந்தது. ஆக வழி இருக்கிறது, பயாஸை மட்டும் ஏற்ற வேண்டும்.

அதற்கு முன் சில்லறைச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 5600-ல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. மானிட்டர் வயரைப் போர்டில் சொருகியிருந்தால் யுகத்துக்கும் படம் வராது, கிராஃபிக்ஸ் கார்டில்தான் சொருக வேண்டும். சாக்கெட் பக்கத்து 8 பின் பவர் கேபிள் இறுகியிருக்கிறதா? ரேமை ஒற்றைக் குச்சியாகப் போட்டுப் பார்த்தாயா? கரண்டைப் பிடுங்கிவிட்டு, பயாஸ் செட்டிங் அழிய, போர்டிலிருக்கும் சிஆர்2032 வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்தாயா? எல்லாம் செய்துவிட்டான். போர்டில் 'சிபியு' என்று எழுதிய சின்ன சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை. பயாஸ்தான்.

இனி வழிகள்.

என் ஓட்டு பழைய ப்ராசசருக்கு. 2600-ஐத் திரும்பப் போட்டு, போர்டு கம்பெனி தளத்திலிருந்து புது பயாஸை பென்டிரைவில் இறக்கி, பயாஸ் திரைக்குள் போய் அப்டேட் கொடுத்தால் முடிந்தது. காசு செலவில்லை. என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யலாம், அதுதான் பெரிய விஷயம். ஒரே தொந்தரவு, இரண்டு தடவை கழற்றி மாட்ட வேண்டும், ப்ராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவுகிற பேஸ்ட்டும் இரண்டு தடவை. நம்ம ஆளுக்குக் கூடுதலாக இன்னொரு தொந்தரவு: பழையதை அன்று காலையே மதுரையில் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிட்டான். புதுசு படம் காட்டுகிற வரை பழையதை யாராவது கைவிடுவார்களா! இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு முன்பு ஏஎம்டியே இரவல் ப்ராசசர் அனுப்பியிருக்கிறது. அதற்கெல்லாம் காத்திருக்க நேரமில்லை.

ஃபிளாஷ் பட்டன் இருந்தால் ராஜயோகம். ப்ராசசரே இல்லாமல் பயாஸ் ஏற்றலாம். பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்து, ஃபைலுக்குக் கம்பெனி சொன்ன பெயரை அப்படியே வைத்து, அதற்கென்று குறித்திருக்கும் யுஎஸ்பி ஓட்டையில் சொருகி, பட்டனை அமுக்க வேண்டும். விளக்கு மினுக்கி முடிக்கிற வரை தொடக்கூடாது. பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் நகராது, ஏன் நகரவில்லை என்றும் சொல்லாது. பி450 போர்டுகளில் சிலவற்றில்தான் இந்த வசதி. இவன் போர்டின் பின்பக்கம் தடவிப் பார்த்தோம், இல்லை.

மூன்றாவது, கடைக்காரரின் ப்ரோகிராமர். சிஹெச்341ஏ என்கிற சின்னக் கருவியின் கிளிப்பை பயாஸ் சிப்பில் கவ்வவைத்து நேரே எழுதிவிடுவார்கள். செத்த பயாஸுக்கு இது சஞ்சீவி, சும்மா பழசாகிப்போன பயாஸுக்குத் தேவையில்லாத அறுவைச் சிகிச்சை. ஏஎம்4 போர்டுகளில் 1.8 வோல்ட் சிப் சகஜம், அந்தக் கருவி கொடுப்பதோ 3.3. இடையில் அடாப்டர் போடாமல் கவ்வினால் சிப் காலி. போகிறவர்கள் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: அடாப்டர் இருக்கிறதா, பழைய பயாஸை முதலில் காப்பி எடுப்பீர்களா?

புது போர்டே வாங்கு என்றும் ஒருவர் யோசனை சொன்னார். வாங்கலாம், பணமும் போய் விண்டோஸ் ஆக்டிவேஷனும் போகலாம். பி450-க்கு அடுத்த தலைமுறை பி550 வந்தது 2020-ல், கடையில் தூங்கிய பழைய ஸ்டாக் என்றால் அதற்கும் இதே கதை நடக்கலாம்.

சரி, கடைக்காரரிடம் கெஞ்சி 2600-ஐ ஒரு நாள் இரவல் வாங்கி வந்தோம். டப்பாவைத் திறந்தால் ஓரத்தில் இரண்டு பின் சாய்ந்து கிடக்கிறது. பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்க, ஹீட்சிங்கை நேரே மேலே பிடுங்கியிருக்கிறான், ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து கூடவே வந்துவிட்டது. பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் இப்படியும் அப்படியும் திருகித் தூக்கியிருந்தால் வந்திருக்காது. மைக்ரோடிப் பென்சிலில் குச்சியை எடுத்துவிட்டு, முனைக்குழாயைப் பின் மேல் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் வரிசை நாற்று நட்ட மாதிரி நிற்க வேண்டும்.

படம் வந்தது. அப்டேட்டை மறுநாள் வைத்துக்கொள்ளலாமா என்றான். மறுநாள் அந்தப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பாதி அப்டேட்டில் கரண்ட் போனால் அப்புறம் ப்ரோகிராமர்தான் கதி. யுபிஎஸ்ஸில் சொருகி அன்று ராத்திரியே ஏற்றிவிட்டோம்.

5600-ஐ மாட்டியதும் கறுப்புத் திரையில், எஃப்டிபிஎம் (ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் பெட்டி மாதிரி) மாறிவிட்டது, அழித்துப் புதிதாக்க ஒய் (Y), வேண்டாமென்றால் என் (N) என்று ஒரு கேள்வி. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரை இவன் போட்டதில்லை, அதனால் ஒய். போட்டிருப்பவர்கள் ரெக்கவரி கீ கையில் இல்லாமல் ஒய்யைத் தொட்டுவிடாதீர்கள்.

2600 மறுநாள் கடைக்குப் போனது. நிமிர்த்திய பின்களைப் பற்றிக் கடைக்காரரிடம் மறைக்காமல் சொன்னோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தார், இருநூறு ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.