சிகாகோவுக்கு அப்பா அம்மாவை எப்போது அழைப்பது: ஜூனா, ஜூலையா, ஆகஸ்ட் கடைசியா?

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் நண்பர்களுக்குள் ஒரே பேச்சுதான்: ஊரிலிருந்து பெரியவர்களுக்கு எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுவது? இங்கே ஜூன் தொடக்கத்தில் பள்ளி விடுமுறை வந்துவிடும். அங்கே மே கடைசியில் அக்னி நட்சத்திரம் முடிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, "ஜூன் ஒண்ணாம் தேதி கிளம்பச் சொல்லு" என்று முடித்துவிடுகிறார்கள்.

நான் இங்கே பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் சிகாகோ நகருக்குள், பிறகு மேற்கே நேப்பர்வில்லில். என் பெற்றோர் இரண்டு முறையும் மாமியார் ஒரு முறையும் வந்து தங்கிப் போனார்கள். மூன்று முறையும் மூன்று விதமான கோடை. அதையெல்லாம் வைத்து இப்போது எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. வயதானவர்களுக்கு ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரையான நாட்கள்தான் முதல் இடம். ஜூன் அதற்கு அடுத்தது. ஜூலைக்குக் கடைசி இடம்.

சராசரிகளை மட்டும் பார்த்தால் இந்த வரிசை யாருக்கும் தோன்றாது. பகல் உச்ச வெப்பம் ஜூனில் சராசரியாக 27 டிகிரி செல்சியஸ், ஜூலையில் 29, ஆகஸ்டில் 28, செப்டம்பரில் 24. சென்னையில் மே மாதத்தைக் கழித்தவருக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்றுதான் இருக்கும். அப்பாவும் அதையேதான் சொன்னார்: "இருபத்தொன்பதுக்கா இவ்வளவு பயப்படறே?" ஆனால் இங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: மிச்சிகன் ஏரி, காற்றிலிருக்கும் ஈரம்.

ஏரி ஓரமும் உள்நாடும்

சென்னைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. கடற்காற்று பதினொரு மணிக்கே உள்ளே வந்துவிட்டால் பிழைத்தோம், மூன்று மணி வரை வராவிட்டால் வெந்தோம். நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் ஒரே நாளில் இரண்டு வெப்பநிலை சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சிகாகோவிலும் அதே கதைதான், கடலுக்குப் பதில் ஏரி. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. வங்கக் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். மிச்சிகன் ஏரியோ சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் பரப்பும், ஆழமான இடத்தில் 281 மீட்டர் ஆழமும் கொண்டது. குளிர்காலத்தில் உறையும் நிலைக்கு வந்த அவ்வளவு தண்ணீரும் சூடாக மாதக்கணக்கில் ஆகும். ஜூன் தொடக்கத்தில் கரையோரத் தண்ணீர் 13 முதல் 15 டிகிரிதான். ஆகஸ்டில்தான் 22, 23-ஐத் தொடும்.

ஆகவே ஜூனில் ஏரிக்காற்று திரும்பினால், குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தது போலத்தான். பெற்றோர் முதல் முறை வந்தபோது, ஜூன் இரண்டாம் வாரம் ஏரிக்குள் நீண்டிருக்கும் பொழுதுபோக்குத் துறையான நேவி பியருக்கு அழைத்துப் போனோம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது 31 டிகிரி. அம்மா பருத்திப் புடவை மட்டும் கட்டியிருந்தார். காரை நிறுத்திவிட்டு ஏரிப் பக்கம் நடந்து போனால் 17 டிகிரி, முகத்தில் அறைகிற காற்று. "கோடைன்னு சொல்லித்தானேடா கூட்டிட்டு வந்தே" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அன்றிரவு முழுக்க அவருக்கு முழங்கால் வலி. இந்த ஊர் வானிலை அறிவிப்பாளர்கள் தினம் சொல்லும் "ஏரி ஓரம் குளிர்ச்சி" என்ற வாக்கியத்தின் பொருள் எனக்கே அன்றுதான் உறைத்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1980 முதல் நகரத்தின் அதிகாரபூர்வ வெப்பநிலை ஓஹேர் விமான நிலையத்தில் பதிவாகிறது. அது ஏரியிலிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆக, செய்தியில் வருகிற எண் ஏரி ஓரத்து அடுக்ககத்தில் இருப்பவருக்கும் பொருந்தாது, நேப்பர்வில், அரோரா பக்கம் இருப்பவருக்கும் அப்படியே பொருந்தாது. நம்மவர்கள் பெரும்பாலும் குடியிருக்கும் மேற்குப் புறநகர்களுக்கு ஏரிக்காற்று வந்து சேர்வதற்குள் மாலையாகிவிடும். பல நாட்கள் வராமலே போய்விடும்.

ஜூனும் ஜூலையும்

ஜூனுக்கு உரிய பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜூன் 21-ஐ ஒட்டி 15 மணி நேரத்துக்கும் மேல் பகல். இரவு எட்டரைக்குத்தான் சூரியன் மறையும். சாப்பிட்டு முடித்துவிட்டு அப்பா வெளிச்சத்திலேயே பூங்காவை இரண்டு சுற்று நடந்துவிட்டு வருவார். அந்த நடையைப் பற்றி அவர் ஊரில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடுவதால் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம்.

குறை என்றால் மழை. மாதம் சுமார் 100 மில்லிமீட்டர், அதுவும் பெரும்பாலும் இடியோடு. சில ஆண்டுகளாகப் புகையும் சேர்ந்துகொண்டது. கனடாவின் காட்டுத்தீப் புகை 2023 ஜூன் 27 அன்று வந்து சூழ்ந்தபோது, உலகின் பெருநகரங்களிலேயே மோசமான காற்று சிகாகோவில்தான் இருந்தது. சூரியன் செம்பருத்தி நிறத்தில் தெரிந்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் வருவதாக இருந்தால் காற்று வடிகட்டி ஒன்றை முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஜூலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதைச் சுலபமாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. 1995 ஜூலை 12 முதல் ஐந்து நாட்கள் இந்த நகரத்தை வெப்ப அலை பிடித்தது. மிட்வே விமான நிலையத்தில் 41 டிகிரி. அதைவிடக் கொடியது, இரவிலும் 26, 27 டிகிரியிலேயே நின்றது. காற்றின் ஈரம் சென்னையின் மே மாதத்துக்கு நிகராக இருந்தது. வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள், பலர் தனியாக வாழ்ந்தவர்கள். செங்கல் கட்டடங்களின் மேல் தளங்களில், திருட்டுப் பயத்தால் ஜன்னலைத் திறக்காமல் உள்ளேயே இருந்தவர்கள்.

சென்னையில் 41 டிகிரியைத் தாங்குகிற உடம்பு இங்கே தாங்காதா என்று கேட்பவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். நம் ஊர் வீடு காற்று உள்ளே வந்து போவதற்காகக் கட்டியது, தலைக்கு மேல் மின்விசிறி ஓடும். இங்கேயுள்ள பழைய கட்டடம் குளிரை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டியது. பகலெல்லாம் குடித்த வெப்பத்தைச் செங்கல் இரவில் அறைக்குள் கக்கும். நாங்கள் நகருக்குள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டில் ஏசி கிடையாது. பெற்றோர் இரண்டாவது முறை வந்து அங்கே தங்கிய ஜூலையில், இரவு இரண்டு மணிக்கு அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மறுநாள் காலையிலேயே போய் ஜன்னல் ஏசி வாங்கி வந்தேன். முன்பே வாங்காமல் விட்டதை நினைத்தால் இன்றும் மனது பதறுகிறது.

ஜூலை ஈரத்தின் ஒரு பங்கு வயலிலிருந்து வருகிறது. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறி வரும் ஈரக் காற்று இல்லினாய், அயோவா மாநிலங்களின் மக்காச்சோளக் கடலைத் தாண்டித்தான் இங்கே வருகிறது. பயிர் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து கதிர் பிடிக்கும் சமயம் அது. ஒரு ஏக்கர் மக்காச்சோளம் நாளொன்றுக்கு 11,000 முதல் 15,000 லிட்டர் தண்ணீரை ஆவியாக வெளியேற்றும். இதை இவ்வூர் மக்கள் "சோள வியர்வை" என்றே சொல்கிறார்கள். வானிலைச் செயலியில் ஈரப்பத சதவீதத்தைப் பார்ப்பதைவிட ட்யூ பாயின்ட் (காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) என்ன என்று பாருங்கள். 18 டிகிரியைத் தாண்டினால் கசகசப்பு. 24-ஐத் தொட்டால் வயதானவர்களை வெளியே அழைத்துப் போகாதீர்கள்.

ஜூலைக்குப் புயல் முகமும் உண்டு. 2024 ஜூலை 15 இரவு நேர்கோட்டில் வீசிய பெருங்காற்றோடு சிகாகோ வானிலை அலுவலகத்தின் எல்லைக்குள் 32 சுழல்காற்றுகள் (டொர்னேடோ) இறங்கின. வந்தவர்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிவைப்பது நல்லது: மாதத்தின் முதல் செவ்வாய் காலை 10 மணிக்கு அலறும் சங்கு சோதனைக்கானது. மற்ற நேரத்தில் கேட்டால் கேள்வி கேட்காமல் அடித்தளத்துக்கு இறங்க வேண்டும்.

ஆகஸ்டை இரண்டாகப் பிரித்தால்

ஆகஸ்ட் முற்பாதி ஜூலையின் தொடர்ச்சிதான். ஏரி சூடாகிவிட்டதால் அந்தக் குளிர்பதனப் பெட்டியும் பாதிதான் வேலை செய்யும். ஆனால் அம்மா தண்ணீரில் காலை நனைத்தது இந்த மாதத்தில்தான். ஜூனில் கணுக்காலுக்கு மேல் இறங்க முடியாத தண்ணீர் அது.

இருபதாம் தேதிக்கு மேல் வடமேற்கிலிருந்து கனடாக் காற்று எட்டிப் பார்க்கத் தொடங்கும். ஒரு மழை வந்து போன மறுநாள் வானம் கழுவிவிட்டது போலத் தெளிந்து, புழுக்கம் போன இடம் தெரியாது. இதற்கு உத்தரவாதம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012 ஜூலைக்குப் பிறகு ஓஹேர் மீண்டும் நூறு பாரன்ஹீட்டை (சுமார் 38 டிகிரி செல்சியஸ்) தொட்டது 2023 ஆகஸ்ட் 24 அன்றுதான். ஆனால் அந்தப் பருவத்து வெப்ப அலைகள் பொதுவாக நீடிப்பதில்லை. அந்த ஆண்டும் இரண்டே நாளில் விலகிவிட்டது. நாள் சுருங்க ஆரம்பித்துவிடுவதால் இரவு ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது. முதியவர்களுக்கு அந்த இரவுதான் முக்கியம்.

செப்டம்பரில் மழை குறைகிறது. முதல் வாரம் 27 டிகிரி, கடைசி வாரம் 21. நம் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும். மாமியார் அந்த மாதத்தில் வந்து தங்கியபோது ஒரு நாளும் "வெளியே வரலை" என்று சொன்னதில்லை. லெமான்ட் குன்றின் மேலிருக்கும் ராமர் கோயிலுக்குக் காலையில் போய், வெளியே புல்வெளியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு மதியம் திரும்புவோம். ஜூலையில் அந்தப் புல்வெளியில் பத்து நிமிடம் உட்கார முடியாது.

குறைகளையும் மறைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள், பாட்டியோடு இருக்க மாலை மட்டும்தான். என் மகள் இதற்காக அழுதாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தோடு நகரின் ஏரிக்கரை மணல்வெளிகளில் உயிர்காப்பாளர் பணி முடிகிறது. நேவி பியரின் புதன், சனி வாணவேடிக்கையும் அதோடு சரி. ராக்வீட் என்ற செடியின் மகரந்தம் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மூக்கைப் பாடாய்ப் படுத்தும். வெஸ்ட் நைல் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கும் ஆகஸ்ட் கடைசிதான் உச்சம். 2002-இல் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பாதிக்கப்பட்டது இந்த மாநிலத்தில்தான். அந்தி சாய்ந்த பிறகு வெளியே உட்காருவதானால் முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் கட்டாயம்.

எந்த முன்னறிவிப்பை எதற்கு நம்புவது

"இந்த வருஷம் சம்மர் ரொம்ப ஹாட்டாம்" என்று வாட்ஸப்பில் வரும் ஆரஞ்சு வரைபடம் பெரும்பாலும் மேரிலாந்திலுள்ள காலநிலை முன்கணிப்பு மையத்தினுடையது. ஒவ்வொரு மாதமும் மூன்றாம் வியாழனன்று அடுத்த மூன்று மாதங்களுக்கான கணிப்பை வெளியிடுவார்கள். நேர்மையான வேலைதான், ஆனால் தப்பாகப் படிக்கப்படுகிறது. வழக்கத்தைவிட வெப்பம், வழக்கம் போல, வழக்கத்தைவிடக் குளிர்ச்சி என்ற மூன்று பெட்டிகளுக்கும் அடிப்படையில் 33 சதவீதம். வெப்பத்துக்கு 40 என்று வந்தால் பகடை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வெப்ப அலை எந்த வாரம் வரும் என்பதை அந்த வரைபடம் சொல்லாது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும் இங்கே குளிர்காலத்தை அசைக்கிற அளவுக்குக் கோடையை அசைப்பதில்லை.

1792 முதல் வந்துகொண்டிருக்கும் பழைய விவசாயிகள் பஞ்சாங்கத்தையும் சிலர் புரட்டுகிறார்கள். தன் சூத்திரத்தை அது வெளியே சொல்வதில்லை. காரணம் காட்டாத கணிப்பை வைத்து டிக்கெட் போட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டையும்விட எனக்கு உதவுவது மண். நெப்ராஸ்காவிலிருந்து வியாழன்தோறும் வரும் வறட்சி வரைபடத்தை மே மாதத்தில் பார்த்துவிடுவேன். மண் காய்ந்திருந்தால் வெயிலின் முழு ஆற்றலும் காற்றைச் சுடவைப்பதிலேயே போகும். 1934, 1988, 2012 எல்லாம் அப்படி வறண்ட ஆண்டுகள். 105 பாரன்ஹீட் (40.6 டிகிரி செல்சியஸ்) என்ற நகரத்தின் அதிகாரபூர்வ உச்சம் 1934 ஜூலை 24-இல் பதிவானதுதான் (1995-இன் மிட்வே எண் அதிகாரபூர்வ நிலையத்தினுடையது அல்ல). மண் ஈரமாக இருந்தால் உச்ச வெப்பம் அடங்கும், புழுக்கம் ஏறும், இரவு ஆறாது. இல்லினாயில் பகலைவிட இரவுதான் வேகமாகச் சூடாகி வருகிறது. ஆக, ஈரமான ஆண்டு என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

டிக்கெட்டை நீண்டகாலச் சராசரியை வைத்துப் போடுங்கள். நயாகரா, விஸ்கான்சின் போன்ற பயணங்களை 8 முதல் 14 நாள் கணிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏரிக்கரைக்குப் போவதா என்பதை அன்று காலை ரோமியோவில்லிலுள்ள தேசிய வானிலை அலுவலகத்தின் காற்றுத் திசையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வடகிழக்குக் காற்று என்றால் ஆகஸ்டிலும் ஒரு சால்வை பையில் இருக்கட்டும். நகருக்குள் தனியாக இருக்கும் முதியவர் வெப்ப அலையின்போது தொலைபேசியை எடுக்கவில்லை என்றால் நகராட்சியின் உதவி எண்ணான 311-ஐ அழையுங்கள், ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம்.

அப்பா அம்மாவுக்கு இந்த முறை ஆகஸ்ட் 20-க்குப் போட்டிருக்கிறேன். மகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்கு அப்பா பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போய் அழைத்து வருவதாக ஏற்பாடு. தொலைபேசியில் அவரே கேட்டார்: "அந்த நேரத்துல வெயில் எப்படிடா இருக்கும்?" இருபத்தைந்து, இருபத்தாறு டிகிரிதான் இருக்கும் அப்பா, தொப்பி மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.