நாக் கிரேடைப் பார்த்துக் கல்லூரி தேடலாமா?

அக்கா மகளுக்குக் கல்லூரி தேடும்போது பார்த்த பலகையிலெல்லாம் "நாக் ஏ பிளஸ் பிளஸ்"தான். நாக் (NAAC) என்பது கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டு கிரேடு கொடுக்கும் அமைப்பு. சரி, அந்த எழுத்தைக் கொடுப்பவர்களிடமே போவோம் என்று நாக் இணையதளத்துக்குள் நுழைந்தேன். பெங்களூரில் இருக்கும் இந்தத் தன்னாட்சி அமைப்பை 1994-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தொடங்கியது. பார்க்கக் காசு கிடையாது, ஆனால் தேடும் வசதி பொறுமையைச் சோதிக்கும், செல்போனில் முயற்சியே வேண்டாம்.

கிரேடை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். 4-க்கு 3.51 வாங்கினால் ஏ பிளஸ் பிளஸ், 3.50 என்றால் ஏ பிளஸ். இதில் பிள்ளைக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? கிரேடு பொதுவாக 5 வருடத்துக்குத்தான் செல்லும், நாங்கள் போன ஒரு கல்லூரியில் காலாவதியானதையே இன்னும் மாட்டி வைத்திருக்கிறார்கள். சரக்கு இருப்பது கல்லூரி எழுதிக் கொடுக்கும் சுய ஆய்வு அறிக்கையில். இரண்டாம் பிரிவுக்குப் போங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் முழுநேர ஆசிரியர்கள் எவ்வளவு, அவர்களில் நெட், செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளோ பிஎச்டியோ முடித்தவர்கள் எவ்வளவு என்று வருடவாரியாகக் கிடக்கும். ஐந்தாம் பிரிவில் வேலைக்கும் மேற்படிப்புக்கும் போனவர்கள் கணக்கு. அப்புறம் நேரில் போன குழுவின் அறிக்கையில் பலவீனங்கள் என்ற பகுதி, அது பூசி மெழுகியிருந்தாலும் விஷயம் பிடிபட்டுவிடும்.

என் குறை வேறு. மதிப்பீட்டுக்குக் கட்டணம் கட்டுவது கல்லூரி, மதிப்பெண்ணில் பெரும்பங்கு கல்லூரியே ஏற்றும் தரவுகளுக்கு. 2023-இல் நாக் செயற்குழுத் தலைவர் பூஷண் பட்வர்தனே முறைகேடு என்று சொல்லிப் பதவி விலகினார். 2025 பிப்ரவரியில் நல்ல கிரேடுக்கு லஞ்சம் வாங்கிய புகாரில் ஆய்வுக்குழுவினரை சிபிஐ கைது செய்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

2020 கல்விக் கொள்கை சொல்லும் உயர்கல்வி ஆணையத்தில் ஒழுங்குமுறை, நாக் செய்யும் தர மதிப்பீடு, நிதி, பாடத்தரம் நான்கும் தனித்தனி அமைப்பிடம் போகுமாம். பிரிப்பது நல்லதுதான். ஆனால் 2018-இல் வந்த வரைவு மசோதா யுஜிசியைக் கலைத்துவிட்டு மானியத்தை அமைச்சகத்திடம் விடச் சொன்னது, தமிழக அரசும் எதிர்த்தது. காசும் நியமனமும் டெல்லியின் கையில் என்றால் அதில் சுதந்திரம் எங்கே?

அறிக்கைகளுக்கு 5-க்கு 4 கொடுப்பேன், கிரேடுக்கு 2. அந்த 2-ம் காலாவதித் தேதியைச் சரிபார்க்க முடிகிறது என்பதற்காக.