போர்டு இல்லாத கடையில் மாற்றிய கிளட்ச்

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது கிளட்ச் மாற்றினேன் என்றால் நானும் அதைத்தான் முதலில் கேட்பேன். கிளட்ச் செட் 4,650 ரூபாய், கியர் ஆயில் 780, ஆயில் சீல் 350, கூலி 3,000. மொத்தம் 8,780. பத்து நாள் கழித்து கேபிளுக்கு இன்னொரு 550. அந்த 550 பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன்.

வண்டி 2013 மாடல் வேகன் ஆர், 998 சிசி பெட்ரோல். வாங்கிய நாளிலிருந்து ஓட்டுவது நான் மட்டும்தான். என் கணவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் கேள்வி கேட்பது நானாக இருக்கும், பதில் அவரைப் பார்த்து வரும். அவரும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவார்.

வளசரவாக்கத்திலிருந்து பெருங்குடி ஆபீசுக்கு ஒரு வழிக்கு 17 கிலோமீட்டர்போல. மெட்ரோ வேலைக்காக ஆற்காடு சாலையில் தடுப்பு வைத்ததிலிருந்து வடபழனியைத் தாண்டும்வரை முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடியும் முதல் கியர். 71,400 கிலோமீட்டரில் கிளட்ச் தேய்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போதுதான் முதலில் பிடிபட்டது. மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் அதே வேகத்தில் ஊர்கிறது. பின்னால் வந்த மாநகரப் பேருந்து அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. பெடலை ஏறக்குறைய முழுசாக விட்ட பிறகுதான் கிளட்ச் பிடித்தது. வீட்டுக்கு வந்து நிறுத்தினால் கருகிய வாடை. பக்கத்து வீட்டில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குத்தான் முதலில் போனேன். ஓட்டிப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்தார்கள், 17,800 ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்துவிட்டது. அதில் பிளைவீலும் (என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம், கிளட்ச் பிளேட் அதைத்தான் பிடிக்கும்) இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். "ஜெனரலா சேர்த்துதான் மாத்துவோம் மேடம்." நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு செலவுக்கு 'ஜெனரலா' என்று காரணம் எழுதி வந்தால் அந்த வவுச்சரைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இந்தக் கடையைச் சொன்னது எங்கள் தெரு ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள். ராமாபுரம் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. போர்டு கிடையாது, இருந்ததற்கு அடையாளமாக இரண்டு ஆணி இருக்கிறது. "பாய் கடை" என்று கேட்டால் எல்லோரும் கை காட்டுகிறார்கள். பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சாவியை வாங்கி உட்கார்ந்தார், கைபிரேக்கை இழுத்தார், மூன்றாம் கியர் போட்டு கிளட்ச்சை மெதுவாக விட்டார். கிளட்ச் நன்றாக இருந்தால் அங்கேயே என்ஜின் அணைந்துவிட வேண்டும். என் வண்டி அணையவில்லை, நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. சட்டென்று நிறுத்திவிட்டார். பிறகு என்னைப் பார்த்து (என்னைத்தான்) ஒரு கேள்வி கேட்டார்.

"சிக்னல்ல நிக்கும்போது இடது கால எங்கம்மா வெப்பீங்க?"

பெடல் மேலேயேதான் வைப்பேன். இத்தனை வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிப்பது ரிலீஸ் பேரிங். கால் லேசாகப் பட்டாலே பேரிங் வேலை செய்யத் தொடங்கி அந்தப் பிடியைத் தளர்த்திவிடுமாம். அப்போது கிளட்ச் பிளேட் முழுசாகப் பிடிக்கவும் செய்யாது, விடவும் செய்யாது. பிளைவீலோடு உரசிக்கொண்டே இருக்கும். ஊர்கிற டிராஃபிக்கில் பாதிக் கிளட்ச்சிலேயே ஓட்டினாலும் இதுதான் நடக்கும். டிராஃபிக் மேல் போட்ட பழியில் பாதியை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

சாமானை நானே வாங்கி வருகிறேன் என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன், ஆனால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். சென்னையில் கார் சாமானுக்கு அந்தத் தெருவை விட்டால் வேறு எது! ஆர்.சி. நகலைக் கையில் கொண்டுபோனது நல்லதாயிற்று. வேகன் ஆர் என்றால் போதாது; எந்த வருஷம், எந்த என்ஜின் என்று கேட்கிறார்கள், பழைய என்ஜினுக்கு வேறு, இதற்கு வேறு. நான்கு கடை ஏறி இறங்கினேன். வேலியோ (Valeo), லுக் (LuK) என்ற இரண்டு கம்பெனி செட்டையும் காட்டினார்கள். ஒரு கடையில் பெயரே தெரியாத பெட்டி ஒன்று 2,900 ரூபாய்க்கு இருந்தது. எடுத்துப் பார்த்தால் பிளேட்டின் ரிவெட் ஒன்று கோணலாக நின்றது, வைத்துவிட்டேன். லுக் வாங்கினேன். அதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவுமில்லை. அந்தக் கம்பெனிக்கு ஓசூரில் ஆலை இருக்கிறது, என் அக்கா வீடும் ஓசூரில்தான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே பெட்டியில் வருகிறது. பிளேட்டை மட்டும் வாங்கி மிச்சம் பிடிக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பேரிங் விலை கொஞ்சம்தான். நாளைக்கு அது மட்டும் சத்தம் போட்டால் மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அதே 3,000 ரூபாய் கூலி.

திங்கள் காலை வண்டியை விட்டேன். சாயங்காலம் தருவதாகச் சொன்னது செவ்வாய் சாயங்காலம் ஆனது. இரண்டு நாள் ஆபீசுக்கு ஆட்டோவில் போய்வந்த செலவை மேலே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை. தாமதத்துக்குக் காரணம் இருந்தது: கியர்பாக்ஸை இறக்கிய பிறகு என்ஜின் பக்கத்து ஆயில் சீல் ஈரமாக இருந்ததாம். எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, மாற்றட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றினார்கள். கசியும் எண்ணெய் புது பிளேட்டில் பட்டால் அதுவும் வழுக்க ஆரம்பித்துவிடும் என்பதால் சரி என்றேன்.

செவ்வாய் மதியம் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். வண்டி ஸ்டாண்ட் மேல் நிற்கிறது, கியர்பாக்ஸ் தனியாகக் கிடக்கிறது, ஆக்சில் இரண்டும் ஓரமாக. பழைய பிளேட்டையும் புதியதையும் பாய் என் கையிலேயே கொடுத்தார். புதியதில் ரிவெட் குழிக்குள் விரல் நுனி இறங்குகிறது. பழையதில் ரிவெட் தலையும் மேல்பரப்பும் ஒரே மட்டம். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் அந்த ரிவெட் பிளைவீலைச் சுரண்டியிருக்கும். பிளைவீலில் ஒன்றிரண்டு இடத்தில் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. விரிசல் இல்லை, பள்ளம் இல்லை. "லேத்துக்குக்கூட வேணாம்மா" என்று உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டார். சர்வீஸ் சென்டர்காரர்கள் ஜெனரலாக மாற்றவிருந்த பிளைவீல் இதுதான்.

பிடிக்காததையும் சொல்லவேண்டும். இந்தக் கடையில் லிஃப்ட் கிடையாது. ஜாக்கி வைத்து, ஸ்டாண்ட் கொடுத்து, ஒரு தம்பி அடியில் படுத்துக்கொண்டு கியர்பாக்ஸை ஏறக்குறைய நெஞ்சில் தாங்கி ஏற்றுகிறான். காலில் ரப்பர் செருப்பு. எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. சொன்னேன். "பழக்கம்தான்க்கா" என்று சிரித்தான். பழக்கம் என்பது பதில் இல்லை. ஜி.எஸ்.டி. பில்லும் கிடையாது, டைரியில் கிழித்த ஒரு தாள்தான்.

அப்புறம் கேபிள். இந்த வண்டியில் கிளட்ச் கேபிளில் வேலை செய்கிறது. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் புது கேபிளும் இருந்தது. பாய் இழுத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, வேண்டாம் என்றார். எடுத்து ஓட்டினால் பெடல் முன்பைவிட இளகியிருந்தது உண்மை, ஆனால் இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை. பத்து நாளில் மறுபடி கனத்துவிட்டது. திரும்பப் போனேன். கழற்றிப் பார்த்தால் உறைக்குள்ளே துரு, இரண்டு கம்பி இழை பிரிந்திருந்தது. "இத நான் அன்னிக்கே மாத்தியிருக்கணும், என் தப்பு" என்றார். கூலி வாங்கவில்லை, கேபிளுக்கு மட்டும் 550. இந்த ஒரு விஷயத்தில் அந்த 17,800 எஸ்டிமேட் சொன்னதுதான் சரி. எஸ்டிமேட்டில் பிளைவீலைக் கண்ட கோபத்தில் கேபிளையும் சேர்த்து நான்தான் மனசில் அடித்துவிட்டேன். நானாவது கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம்.

ஓட்டம் எப்படி? முதல் நாள் வடபழனி சிக்னலில் மூன்று தடவை வண்டி அணைந்தது. என் கால் பழைய கிளட்ச்சுக்குப் பழகியிருந்தது. கிட்டத்தட்ட முழுசாக விட்டால்தான் பிடிக்கும் என்று நினைத்து டக்கென்று விட, புதியது பாதியிலேயே பிடித்துக்கொள்கிறது. கற்றுக்கொள்கிற பெண் என்று நினைத்து ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் கையசைத்துப் பொறுமையாக அனுப்பிவைத்தார். எனக்கு வயது 48. ஐந்நூறு கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டச் சொல்லியிருந்தார்கள், ஓட்டினேன். இப்போது 2,300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கத்திப்பாராவை மூன்றாம் கியரில் ஏறுகிறேன், வாடை இல்லை. இடது காலை மட்டும் இன்னும் நினைத்து நினைத்துத்தான் கீழே வைக்கிறேன்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். கழித்த ஒன்று கேபிளுக்காக இல்லை, அந்தத் தம்பியின் செருப்புக்காக. போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். ஜிபே வாங்குகிறார்கள். பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் காயலாங்கடைக்குப் போய்விடும்.