எச்எம்ஐ திரையிலிருந்து ராஸ்பெரி பை வைஃபை: நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிந்தவை

கண்ட்ரோல் பேனலுக்குள் இருக்கும் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியின் வைஃபையை ஆபரேட்டரே எச்எம்ஐ (இயந்திரத்தை இயக்கும் தொடுதிரை) திரையிலிருந்து ஆன், ஆஃப் செய்யும் அமைப்பு இது. சர்வீஸ் ஆள் வரும்போது மட்டும் வைஃபை, மற்ற நேரம் ஆஃப். பை, மோட்பஸ் டிசிபி (தொழிற்சாலைக் கருவிகள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் முறை) சர்வராக ஓடும். எச்எம்ஐ தன் கட்டளையை ஈதர்நெட் கேபிள் வழியாக அதில் எழுதும். கேபிள் கட்டாயம் வேண்டும். வைஃபை வழியாகவே வைஃபையை அணைத்தால் திரும்பப் போட வழியில்லை.

அதிகம் படுத்துவது பட்டன்தான். மொமென்டரி வகை என்றால், அழுத்தும்போது 1 ஆகும் கட்டளை பிட் விரலை எடுத்ததும் 0 ஆகிவிடும். பையில் உள்ள புரோகிராம் நொடிக்கு ஒருமுறைதான் பார்க்கிறது என்றால், சட்டென்று தட்டியது அதற்குத் தெரியவே தெரியாது. ஆபரேட்டர் "வேலை செய்யலை" என்று தட்டிக்கொண்டே இருப்பார். எச்எம்ஐயில், பிட்டை 1 ஆக்கி அப்படியே விடும் 'செட் பிட்' பட்டன் வையுங்கள். கட்டளையை நிறைவேற்றியபின் பையே அதை ரீசெட் செய்யட்டும். வைஃபை ஆனில் இருப்பதைத் திரையில் காட்டும் பச்சை விளக்குக்குத் தனி பிட் வேண்டும், நெட்வொர்க்மேனேஜரிடம் (பையின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் புரோகிராம்) கேட்டு வாங்கிய நிஜ நிலையோடு. கட்டளை பிட்டையே விளக்குக்குக் கொடுத்தால், வைஃபை வராதபோதும் திரை பச்சையாகச் சிரிக்கும். நிலையைப் படிக்கும் லூப்பிலேயே, அது ஓடுவதைக் காட்டும் ஒரு ஹார்ட்பீட் எண்ணையும் சுற்றுக்கு ஒன்றாக ஏற்றுங்கள். லூப் மட்டும் செத்து, மோட்பஸ் சர்வர் பழைய மதிப்பையே கொடுத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் பிடிபடும்.

மோட்பஸ் முகவரி ஒன்று தள்ளிப்போவது வழக்கமான வம்பு, ஒரே இடத்துக்கு இரு எண்: எச்எம்ஐயில் 40001, பையில் 0. மோட்பஸுக்கான போர்ட் 502-ஐத் திறக்க சாதாரண யூசருக்கு அனுமதி கிடையாது. புரோகிராமைப் பின்னணியில் ஓட்டும் சர்வீஸ் ஃபைலில் அந்த உரிமையை மட்டும் கொடுத்தால் போதும், முழு அதிகாரமுள்ள ரூட்டாக ஓட்ட வேண்டாம்.

2023-இல் வந்த ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பில் நெட்வொர்க்மேனேஜர்தான் டீஃபால்ட். அதற்கு முன் நெட்வொர்க்கைக் கவனித்த டிஎச்சிபிசிடி காலத்து ஸ்கிரிப்டுகளை அப்படியே கொண்டுவராதீர்கள். டெஸ்க்டாப் டெர்மினலில் ஓடும் கட்டளையை, அதே யூசரின் சர்வீஸாகப் போட்டால் போல்கிட் (அனுமதியைச் சரிபார்க்கும் பகுதி) மறுக்கலாம். அதற்கு ஒரு விதி எழுதவேண்டும். நெட்வொர்க்மேனேஜரில் பிடித்த விஷயம்: ஆஃப் நிலையை அது நினைவில் வைத்திருக்கும், கரண்ட் போய் வந்தாலும் வைஃபை தானாக எழாது. ஆனால் ஆன் நிலையையும் அப்படியே வைத்திருக்கும். ஆகவே 30 நிமிடத்தில் அணைக்கும் டைமரை பையிலேயே வைத்து, பூட் ஆனதும் ஒருமுறை ஆஃப் கொடுப்பது நல்லது.

வைஃபை இணைந்தும் இன்டர்நெட் இல்லையா? ஈதர்நெட்டில் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) போட்டிருப்பார்கள். ஈதர்நெட்டின் மெட்ரிக் (எந்த வழி முதலில் என்று சொல்லும் எண்) 100, வைஃபைக்கு 600. குறைந்த எண்ணே ஜெயிக்கும். ஈதர்நெட் பக்கம் கேட்வேயைக் காலியாக விடுங்கள்.

இரும்புப் பேனலின் கதவை மூடினால் சிக்னல் சரியும். பை 4-இல் ஆன்டெனா போர்டிலேயே இருக்கிறது, வெளியே இழுக்க கனெக்டர் இல்லை. புதிதாக வாங்குவோர் வெளி ஆன்டெனா வசதியுள்ள கம்ப்யூட் மாட்யூல் 4-ஐ எடுப்பது மேல்.