மால்ட்டாவா, கோசோவா: எந்தத் தீவில் தங்குவது?

மத்தியதரைக் கடலில் உள்ள தீவு நாடான மால்ட்டாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மால்ட்டா என்றே பெயர்கொண்ட பெரிய தீவிலேயே அறை எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் கோசோவை ஒரே நாளில் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஐந்து நாள் கையில் இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள் என்பேன். இரண்டு இரவாவது கோசோவில் தங்குங்கள்.

பழமை என்று பார்த்தால் பெரிய தீவின் கைதான் ஓங்கியிருக்கிறது. 1565இல் துருக்கியரின் முற்றுகையைத் தாக்குப்பிடித்த புனித யோவான் சபை வீரத்துறவிகள், மறு ஆண்டே கட்டத் தொடங்கிய நகரம்தான் தலைநகர் வலேட்டா. தேன் நிறக் கல், மூடிய மரப் பால்கனிகள், கடலை நோக்கி இறங்கும் நேர்நேரான தெருக்கள் எல்லாம் ஒரே நாளில் நடந்து தீர்க்கக்கூடியவை. அங்குள்ள புனித யோவான் இணைப் பேராலயத்தில் கரவாஜியோ 1608இல் வரைந்த பெரிய ஓவியம் இருக்கிறது. திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டும் காட்சி. கழுத்திலிருந்து வழிந்து தரையில் தேங்கும் ரத்தத்திலேயே ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இதுதான். அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

இதையும் மிஞ்சுவது ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியம். பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக நிலத்தடியில் அமைத்த கற்கால இடுகாடு. 1902இல் வீடு கட்ட வந்தவர்கள் தற்செயலாக உடைத்துத் திறந்தார்கள். மூச்சுக்காற்றின் ஈரம் சுவர்ச் சித்திரங்களைக் கெடுக்கும் என்பதால் ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். கோசோவில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை.

ஆனால் நிலமும் கிராமமும் பார்க்க வந்தவருக்குப் பெரிய தீவு கொஞ்சம் ஏமாற்றம்தான். ஸ்லியேமா, செயின்ட் ஜூலியன்ஸ் பக்கமெல்லாம் அடுக்குமாடிகளும் வண்டி நெரிசலும். கண் வரைந்த வண்ணப் படகுகள் நிற்கும் மர்சஷ்லோக் அழகுதான். ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தையன்று மட்டும் அங்கே கூட்டம் தள்ளும்.

கோசோ வெறும் 67 சதுர கிலோமீட்டர். பெரிய தீவில் கால்வாசியைவிடச் சற்றே அதிகம். உச்சி தட்டையான குன்றுகள், கல்லை அடுக்கிய வேலிகள், சப்பாத்திக்கள்ளி, சின்னச் சின்ன ஊருக்கும் ஒரு பெரிய தேவாலயம். ஷாராவில் உள்ள ஜிகாந்தியா கோயில்கள் கி.மு. 3600 வாக்கில் கட்டியவை. எகிப்துப் பிரமிடுகளுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தவை. அந்தக் கற்களின் அளவைப் பார்த்தால், ஓர் அரக்கி பிள்ளையை வைத்துக்கொண்டே இவற்றைச் சுமந்து வந்து கட்டினாள் என்று ஊர்க்கதை பிறந்தது ஏன் என்று புரியும்.

கோசோவின் தலைநகரான விக்டோரியாவின் கோட்டையைப் பகலில் பார்ப்பதைவிட மாலையில் பாருங்கள். 1551இல் துருக்கியர் இங்கே புகுந்து ஏறக்குறைய தீவின் மக்கள் அத்தனை பேரையும், சுமார் 5,000 பேர், அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். ஒருநாள் பயணிகள் படகேறிப் போன பிறகு அந்த மதில்மேல் நடந்தால், நாலாபுறமும் வயல், அதற்கப்பால் கடல். இவ்வளவு சின்னத் தீவில் ஓடி ஒளிய இடமேது என்று அப்போதுதான் உறைக்கும்.

வடகரையில் ஷ்வெய்னி உப்பளம். மென்மையான பாறையில் வெட்டிய சதுரப் பாத்திகள் கடலோரமாக நெடுக ஓடுகின்றன. கோடையில் தண்ணீர் வற்றியதும் உப்பைப் பெருக்கிக் குவிக்கிறார்கள். பொட்டலம் அங்கேயே கிடைக்கும். மேற்குக் கரையில் துவெய்ராவின் புகழ்பெற்ற கல் வளைவை மட்டும் தேடாதீர்கள். 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது.

சாப்பாட்டில் இரண்டும் சமம். பட்டாணி வைத்த பஸ்டிட்சி என்ற மொறுமொறுப்பான மாவுப் பலகாரம் சைவக்காரர்களுக்குப் பெரும்பாலும் கைகொடுக்கும். கோசோவில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைத் தவறவிடாதீர்கள்.

போக்குவரத்தில் கோசோவுக்குக் குறை உண்டு. பேருந்துகள் அநேகமாக எல்லாமே விக்டோரியா வழியாகத்தான் போகும், அடிக்கடியும் வராது. வாடகைக் கார் நல்லது. நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பெரிய தீவின் சிர்கெவ்வா படகுத்துறையிலிருந்து பெரிய படகில் 25 நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் காசு. அங்கே தங்கிவிட்டு அப்படியே விமான நிலையம் போகிறவர்கள் படகுக்கும் சாலைக்கும் சேர்த்துத் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும்.

போகும் மாதம் ஏப்ரல் என்றால் வயல்கள் பச்சையாக இருக்கும். ஆகஸ்டில் எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிடும். எப்போது போனாலும் முதலில் ஹைப்போஜியம் டிக்கெட்டை வாங்குங்கள். சில வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அது எந்தத் தேதிக்குக் கிடைக்கிறதோ, அதை வைத்து கோசோவின் இரண்டு இரவுகளை முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளலாம்.