45,000 ரூபாய்க்கு மடிக்கணினி: பெட்டி பிரிக்காத புதியதா, அலுவலகத்தில் உழைத்த பழையதா?

நாற்பத்தைந்தாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு மடிக்கணினி தேடுபவருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. கடையிலோ இணையத்திலோ கிடைக்கும் புதிய கணினி ஒன்று. பெருநிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்த டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக், லெனோவோ திங்க்பேட் ஆகியவற்றைச் சரிபார்த்து ‘ரீஃபர்பிஷ்டு’ என்று விற்கும் ரகம் இன்னொன்று. 2020 நவம்பரில் 92,900 ரூபாய் தொடக்க விலையில் இந்தியாவில் அறிமுகமாகி, இப்போது பழைய பொருளாகக் கைமாறும், ஆப்பிளின் எம்1 செயலி கொண்ட மேக்புக் ஏர் மூன்றாவது. கல்லூரியில் சேரும் மாணவர், வீட்டிலிருந்தே கணக்கு, மொழிபெயர்ப்பு, கற்பித்தல் போன்ற வேலைகளைச் செய்பவர் ஆகியோரை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு வேறொன்று வாங்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு பிழைத்துவிடக் கூடாது.

புதிய கணினி வாங்கப் போகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது ப்ராசஸரின், அதாவது செயலியின், முழுப் பெயரை. விளம்பரத்தில் ‘ரைசன் 5’ என்று பெரிதாக எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் இரண்டு முற்றிலும் வேறான பொருள்களில் எது கிடைத்தது என்பதே தெரியாமல் போகும். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்ற இரண்டுக்கும் பெயரில் ஒரே ஓர் எண்தான் வேறுபாடு. ஆனால், ஏஎம்டி நிறுவனம் 7000 வரிசைக்கு வகுத்த பெயரிடும் முறையில், உள்ளே இருக்கும் கட்டமைப்பு எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைச் சொல்வது அந்த மூன்றாவது இலக்கம்தான். 7520யு என்பது 2019இல் வந்த ஜென் 2 கட்டமைப்பில் அமைந்த நான்கு கோர் (கணக்கிடும் தனிப் பகுதி) செயலி. திரைக்கான படங்களை உருவாக்கும் அதன் கிராஃபிக்ஸ் பகுதியில் இரண்டே அலகுகள். 7530யு என்பது ஜென் 3 கட்டமைப்பில் அமைந்த ஆறு கோர் செயலி. கிராஃபிக்ஸ் அலகுகள் ஏழு. இன்டெல்லிலும் இதே கவனம் வேண்டும். ஐ5-1235யு செயலியில் வேகமான கோர்கள் இரண்டும் சிக்கனமான கோர்கள் எட்டும் இருக்கின்றன. ஐ3-1215யு செயலியில் வேகமானவை இரண்டு, சிக்கனமானவை நான்கு. ஐ3-என்305 செயலியிலோ வேகமான கோர் ஒன்றுகூட இல்லை. எட்டும் சிக்கன ரகம்தான், நினைவகத்துக்கான பாதையும் ஒன்றே ஒன்றுதான்.

அடுத்தது ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். விலை குறைந்த மெலிந்த கணினிகள் பலவற்றில் 8 ஜிபி ரேம் மதர்போர்டு என்னும் முதன்மைப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன 7520யு செயலி எல்பிடிடிஆர்5 என்னும், இப்படிப் பற்றவைக்கப்படும் நினைவகத்தோடுதான் வரும் என்பதால், அதை வாங்குபவர் பின்னால் ரேமைக் கூட்டிக்கொள்ளலாம் என்று திட்டமிடவே முடியாது. உலாவியில் இருபது பக்கங்கள், ஒரு கூகுள் மீட் வகுப்பு, ஒரு எக்செல் கோப்பு ஆகியவற்றை ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் விண்டோஸ் 11 எட்டு ஜிபிக்குள் திணறும் என்பதால், நான்கைந்து ஆண்டுகளுக்கு வாங்கும் விண்டோஸ் கணினியில் 16 ஜிபி இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திரையின் தரம் விளம்பரத்தில் அநேகமாக இடம்பெறாது. ‘ஃபுல் எச்டி’ என்று போட்டுவிட்டு, 250 நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம், 45 சதவீத என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களுக்கான அளவுகோல்) நிறப்பரப்பு என்பதை விவரப் பட்டியலின் அடியில் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட திரையில் சிவப்பும் பச்சையும் பலமுறை துவைத்த சேலையைப் போல வெளுத்துத் தெரியும். பகல் வெளிச்சம் விழும் சன்னலோரத்தில் உட்கார்ந்தால் எழுத்தையே படிக்கச் சிரமப்பட வேண்டியிருக்கும். திரை டிஎன் என்னும் மலிவான ரகமாக இருந்துவிட்டால் தலையைச் சற்று உயர்த்தினாலே நிறம் மாறிவிடும். நாள்தோறும் எட்டு மணிநேரம் கண் பார்த்துக்கொண்டிருக்கப் போவது இதைத்தான் என்பதை நினைத்தால், ப்ராசஸரில் ஒரு படி குறைத்துக்கொண்டு திரையில் ஒரு படி ஏறுவது நல்ல முடிவு.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் புதிய கணினிக்கு மறுக்க முடியாத பலங்கள் உண்டு. முழு வலுவோடு இருக்கும் பேட்டரி, நிறுவனமே தரும் ஓராண்டு வாரண்டி, உரிமத்தோடு வரும் விண்டோஸ் 11, பல மாதிரிகளில் கூடவே கிடைக்கும் ஆயுட்கால ஆஃபீஸ் தொகுப்பு ஆகியவை அவை. ஆஃபீஸை ஆண்டுச் சந்தா கட்டி வாங்குபவர்கள் அந்தத் தொகையையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி அலுவலக ரகம். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும், இணைய அங்காடிகளிலும் இவை ஏராளமாகக் கிடைக்கின்றன. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் கணினிகளைக் குத்தகைக்கு எடுத்துத் தவணை முடிந்ததும் மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பதால்தான் இத்தனை சரக்கு சந்தைக்கு வருகிறது. இவற்றில் முதலில் கழிக்க வேண்டியவை ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் கணினிகள். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி இயங்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைத் திங்க்பேட் டி480க்கு இன்றும் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேட்டரிகள், இரண்டு ரேம் இடங்கள் என்று அது தரும் வசதிகள் அருமையானவை. ஆனாலும் அது 2018ஆம் ஆண்டுக் கணினி. இந்தத் தொகைக்குள் பதினொன்றாம் தலைமுறைக் கணினியே கிடைக்கும்போது அவ்வளவு பின்னால் போகத் தேவையில்லை.

பதினொன்றாம் தலைமுறையிலும் எல்லாம் ஒன்றல்ல. லாட்டிட்யூட் 5420, எலைட்புக் 840 ஜி8 ஆகிய இரண்டிலும் ரேமுக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. இன்டெல் செயலி உள்ள திங்க்பேட் டி14 இரண்டாம் பதிப்பில் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டும் ஓர் இடம் காலியாகவும் இருக்கும். லாட்டிட்யூட் 7420 விலை உயர்ந்த வரிசையைச் சேர்ந்தது, மெலிந்தது, பார்க்கவும் அழகானது. ஆனால் அதன் ரேம் முழுவதும் பற்றவைக்கப்பட்டது. எனவே இங்கே வரிசை எண் உயர்வதால் நமக்கு ஆகும் நன்மை அதிகமில்லை. நீடித்து உழைக்க வேண்டுமானால் 5420தான் மேல்.

கடையில் நின்று சோதிக்கும்போது மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதலில் பேட்டரி. விண்டோஸ் தானே தயாரித்துத் தரும் பேட்டரி அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். 5420இன் பெரிய பேட்டரிக்கு முதல் எண் ஏறத்தாழ 63,000 மில்லிவாட்-மணி. இரண்டாவது 38,000 என்று காட்டினால் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது என்று பொருள். புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேச வேண்டிய இடம் அது. அடுத்து விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் கிராஃபிக்ஸின் பெயர். ஐ5 செயலி இருந்தும் அங்கே ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று வராமல் ‘யுஎச்டி’ என்று வந்தால், பெரும்பாலும் உள்ளே ஒரே ஒரு ரேம் அட்டைதான் செருகப்பட்டிருக்கும். இன்னொன்றைச் செருகியதும் பெயரும் மாறும், வேகமும் கூடும். மூன்றாவதுதான் மிக முக்கியமானது. விண்டோஸை முழுவதுமாக அழித்து, இணையத்தோடு இணைத்துப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். தொடக்கத் திரையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து அதன் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டால், அந்தக் கணினி இன்னும் பழைய உரிமையாளரின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்படவில்லை. கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தாலும் அதே கதைதான். ‘எடுத்துத் தருகிறோம், நாளை வாருங்கள்’ என்று கடைக்காரர் எவ்வளவு கனிவாகச் சொன்னாலும் அதை வாங்கக் கூடாது.

திரை விஷயத்தில் அலுவலக ரகமும் குற்றமற்றதல்ல. இதே 5420, 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட மங்கலான திரையோடும் விற்கப்பட்டது. எலைட்புக்கில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப்பார்க்க முடியாதபடி அமைந்த ‘ஷ்யூர் வியூ’ திரை இருந்தால், அது வீட்டு வேலைக்குக் கண்ணை உறுத்தும். 400 நிட்ஸ் திரையும் இவ்விரு மாதிரிகளில் உண்டு. அது கிடைத்தால் ஓரிரு ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

எம்1 ஏரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2560க்கு 1600 புள்ளிகள் கொண்ட அதன் திரைக்கும், விசிறியே இல்லாத அமைதிக்கும், ஆப்பிள் 15 மணிநேரம் என்று சொல்லும் பேட்டரிக்கும் இந்த விலையில் ஈடு கிடையாது. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருப்பதால் தமிழில் எழுதுபவர்களுக்கும் அது இதமான கருவி. ஆனால் இந்தத் தொகைக்குப் பொதுவாகக் கிடைப்பது 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பிடம் கொண்டதுதான். இரண்டையுமே பின்னால் மாற்ற முடியாது. டாலி, சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் நேரடியாக அதில் இயங்காது என்பதால் கணக்கு எழுதுபவர்களுக்கும் இயந்திரப் பொறியியல் மாணவர்களுக்கும் அது ஒத்துவராது. அதையும் விடக் குறைந்த விலையில் இன்டெல் மேக்புக் ஏர் கிடைக்கிறதே என்று சபலப்படவும் வேண்டாம். இன்டெல் மேக்குகளில் இயங்கும் கடைசிப் பதிப்பான, 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோகூட இன்டெல் மேக்புக் ஏரில் இயங்காது.

எனவே, எழுத்து, இசை, படத்தொகுப்பு ஆகியவற்றை மட்டும் செய்பவருக்கு எம்1 ஏரைத் தயங்காமல் சொல்வேன். மற்றவர்களில், ஒரு நல்ல பழுதுநீக்குநர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள் 16 ஜிபி ரேமோடு லாட்டிட்யூட் 5420 அல்லது எலைட்புக் 840 ஜி8 வாங்குவதையே விரும்புகிறேன். ரேமைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று 8 ஜிபியோடு வாங்க வேண்டாம். 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவக விலை கடுமையாக ஏறியிருப்பதால், வாங்கும்போதே இரண்டு அட்டைகளும் உள்ளே இருக்கும்படி பேசி முடிப்பதே லாபம். பழுதானால் நகரத்துக்குப் பேருந்து ஏறிப் போக வேண்டிய ஊரில் இருப்பவரும், விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் முதலாண்டு மாணவரும் புதியதையே வாங்கட்டும். ஆனால் 7530யு அல்லது ஐ5-1235யு அளவிலான செயலியும், ரேமைக் கூட்ட ஓர் இடமாவதும், வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் வாரண்டியும் இருக்கிற மாதிரியாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்த வாரண்டி தங்கள் ஊரின் அஞ்சல் குறியீட்டுக்குப் பொருந்துமா என்பதைப் பணம் கட்டும் முன்பே நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.