கியூஜிஐஎஸ்ஸில் கண்மாய்க் கணக்கு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் எந்த மாதம் எவ்வளவு பரப்பில் நீர் நிற்கிறது என்று பதிந்து வைக்கத்தான் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பழகினேன். ஆண்டுகள் பல ஆகியும் வேறு மென்பொருளுக்கு மாறத் தோன்றவில்லை. 2002இல் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. ஊர் இளைஞர்களின் மடிக்கணினிகளிலும் தயங்காமல் நிறுவித் தரலாம். நீண்டகால ஆதரவுப் பதிப்பையே நிறுவுங்கள். புத்தம் புதிய பதிப்புகளில் செருகுநிரல்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) சில முரண்டு பிடிக்கும்.

படங்களுக்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள். அதுவும் இலவசம். ஒரு படப்புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். பச்சை அலைவரிசையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க் குறியீடு. கியூஜிஐஎஸ்ஸில் படப்புள்ளிகளைக் கணக்கிடும் ராஸ்டர் கால்குலேட்டரில் ஒரே வரிதான். நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் கண்மாய் பளிச்சென்று தனித்துத் தெரியும். ஆனால் 2022 ஜனவரியில் வந்த சென்டினல்-2 படங்களின் செயலாக்கப் பதிப்பு முதல் ஒவ்வொரு படப்புள்ளியின் எண்ணிலும் 1000 கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. அதைக் கழிக்காமல் பழைய படங்களோடு ஒப்பிட்டால் கண்மாய் சுருங்கியதா விரிந்ததா என்ற முடிவே பிழைத்துப்போகும். பயிற்சி வகுப்புகள் இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.

இடத்தை எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவு அமைப்பிலும் கவனம் தேவை. யூடிஎம் என்ற அமைப்பு உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கிறது. 78 பாகைத் தீர்க்கரேகை மதுரை நகருக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. அதனால் உசிலம்பட்டிப் பக்கம் யூடிஎம் 43ஆம் மண்டலம், மதுரை நகரம் 44ஆம் மண்டலம். ஒரே மாவட்டத்தின் கண்மாய்களை அளக்கும்போது ஒரே மண்டலத்தைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். தரவைச் சேமிக்க ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவம் வேண்டாம். அதில் புலப்பெயருக்கு (அட்டவணைத் தலைப்புக்கு) பத்து எழுத்துதான் இடம், தமிழ் ஊர்ப்பெயர்களும் சில கணினிகளில் கேள்விக்குறிகளாக மாறிவிடுகின்றன. ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை.

எனக்கு இன்னும் பெரிய சவால் வடகிழக்குப் பருவமழைதான். கண்மாய் நிரம்பும் நாட்களில்தான் வானமும் மூடிக்கிடக்கும். அப்போது சென்டினல்-1 ரேடார் படம் கைகொடுக்கிறது; மேகத்தைத் துளைத்து வரும் அந்தப் படத்தில் திறந்த நீர்ப்பரப்பு கரியதாகத் தெரியும். கற்கக் கொஞ்சம் கடினம், ஆனால் இதைப் பழகாமல் நம் மழைக்காலக் கணக்கை முடிக்க முடியாது. ஆகாயத்தாமரை மூடிய நீரும், சீமைக்கருவேலத்துக்கு அடியில் தேங்கிய நீரும் நீர்க் குறியீட்டில் வெறும் செடியாகவே பதிவாகும். அந்தக் கண்மாய்களுக்கு நான் கரையேறிப் போய்ப் பார்த்தே எண்ணைத் திருத்துகிறேன்.

படம் சொல்வது பரப்பை மட்டுமே. எவ்வளவு வண்டல் மேவியிருக்கிறது, ஆயக்கட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் பாயும் என்று தெரிய வேண்டுமானால் மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சியைத்தான் கேட்க வேண்டும். அவர் சொல்வதற்கென்றே என் அட்டவணையில் தனி நிரல் ஒன்று வைத்திருக்கிறேன். புதிதாகக் கற்பவர்களும் முதல் நாளிலேயே அந்த நிரலைச் சேர்த்துவிடுங்கள்.